ஓசி ஆட்டத்தின் விலை என்ன? வீடியோ கேம்ஸ் பற்றி ஒரு மாணவனின் கணக்கு



ஆண்டு மலர் என்றாலே சூரிய சக்தி, ரோபோ, சுற்றுச்சூழல் என்று கட்டுரை எழுதுவதுதான் நம் வழக்கம். அவையெல்லாம் தேவைதான். ஆனால் ஹாஸ்டலில் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு ரவுண்ட் வந்து பாருங்கள். "வலது பக்கம் ஒருத்தன் இருக்கான்டா", "கவர் குடு, கவர் குடு", "போச்சு மாப்ளே, நெட் போச்சு"... இதுதான் நம்ம ராத்திரிப் பாடம். தினமும் இரண்டு மூன்று மணி நேரம் நாம் செலவழிக்கிற ஒன்றைப் பற்றி நம் மலரில் ஒரு பக்கம்கூட இல்லாமல் போவது நியாயமா?

நானும் ஆடுகிறவன்தான். ஆகவே "கேம் ஆடாதே, கெட்டுப் போவாய்" என்று உபதேசம் செய்ய வரவில்லை. அதை வீட்டிலேயே போதுமான அளவு செய்கிறார்கள். லேபில் ஒரு மோட்டாரைக் கழற்றிப் பார்க்கிற மாதிரி, இந்த ஆட்டங்களைக் கழற்றி உள்ளே என்ன சுற்றுகிறது என்று பார்க்கலாம் என்பதே என் எண்ணம். வசதிக்காக மூன்று வகையாகப் பிரித்துக்கொள்கிறேன்: வியூக ஆட்டம், சுடும் ஆட்டம், ஓசி ஆட்டம். மூன்றாவதுதான் இந்தக் கட்டுரையின் உயிர். அதற்குப் போகும் வழியில் மற்ற இரண்டும்.

1. வியூக ஆட்டம்: ஆடுபுலியின் பேரப்பிள்ளைகள்

நம் பக்கத்துக் கிராமங்களில் பாறையிலும் கல் திண்ணையிலும் முக்கோணம் கீறி ஆடுபுலி ஆட்டம் ஆடியிருக்கிறார்கள். 3 புலி, 15 ஆடு. இரண்டு பக்கமும் சமமில்லை. புலி தாண்டி வெட்டலாம், ஆடு வெட்ட முடியாது. ஆனாலும் ஆடுகள் ஒன்றுக்கொன்று அணைவாக நின்றால் புலியை நகர விடாமல் அடைத்துவிடலாம். பலம் வேறு வேறு, ஆனால் ஜெயிக்கும் வாய்ப்பு இருவருக்கும் உண்டு. இன்றைக்குப் பெரிய கம்பெனிகள் "பேலன்ஸ்" என்று மாதாமாதம் மாற்றி மாற்றிச் சரிசெய்கிற விஷயம் இதேதான்.

கம்ப்யூட்டரில் இந்த வகையின் பெரியண்ணன் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'. 1999-ல் வந்தது. 2019 நவம்பரில் அதைப் புதுப்பித்து 'டெஃபினிடிவ் எடிஷன்' என்று வெளியிட்டார்கள். 2022 ஏப்ரலில் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற கூடுதல் பகுதியில் திராவிடர் என்று ஒரு தனி நாகரிகமே சேர்ந்தது. ராஜேந்திர சோழனின் கதை ஒரு படையெடுப்புத் தொடராக அதில் உண்டு. சுருள் வாள் வீசும் வீரனுக்குப் பெயர் 'உருமி', போர்க் கப்பலுக்குப் பெயர் 'திரிசடை'. பேரில் கப்பல் இருந்தும் கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு சோழர் கப்பலை ஓட்டுவது தனி சந்தோஷம்!

மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: திராவிடர்களுக்கு 'வூட்ஸ் ஸ்டீல்' என்று ஒரு தொழில்நுட்பம் கொடுத்திருக்கிறார்கள். அதை வாங்கிவிட்டால் நம் வீரர்களின் அடி எதிரியின் கவசத்தைக் கணக்கிலேயே எடுக்காது. இது வெறும் கற்பனை இல்லை. மூசையில் இரும்பையும் கரியையும் சேர்த்து உருக்கிய தென்னிந்திய எஃகு உலகப் புகழ் பெற்றது. ஈரோடு பக்கம் கொடுமணலில் பழைய இரும்பு உருக்கு வேலை நடந்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. மெட்டலர்ஜி பாடத்தில் நாம் மனப்பாடம் செய்கிற கார்பன் சதவீதம்தான் அங்கே கவசத்தைப் பிளக்கிறது.

சரி, இதில் கற்க என்ன இருக்கிறது? வேலையாள் கணக்கு. இந்த ஆட்டத்தில் ஒரு கிராமத்தானை உருவாக்க 50 உணவு, 25 விநாடி. ஊர் மையம் 2 நிமிடம் சும்மா கிடந்தால் கிட்டத்தட்ட 5 ஆள் குறைவு. ஓர் ஆள் நிமிடத்துக்குச் சுமார் 20 அலகு பொருள் சேர்ப்பான். ஆக அந்த 2 நிமிட அலட்சியத்துக்கு அடுத்த ஒவ்வொரு நிமிடமும் 100 அலகு நஷ்டம். சண்டையில் தோற்பதற்கு முன்னாலேயே கணக்கில் தோற்றுவிடுகிறோம். மெஷின் சும்மா நின்றால் என்ன நஷ்டம் என்று சிட்கோ பட்டறைகளில் சூப்பர்வைசர் கத்துவாரே, அதே பாடம்!

செல்போனில் வியூக ஆட்டம் என்றால் 'க்ளாஷ் ராயல்' (2016) நல்ல படைப்பு. 8 கார்டு, 3 நிமிடம், எலிக்ஸர் 10-க்கு மேல் சேராது. எதிராளி எவ்வளவு செலவழித்தான் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே ஆட வேண்டும். ஆனால் கார்டின் லெவலைக் காசு கொடுத்து வேகமாக ஏற்றலாம் என்பதுதான் உறுத்தல். அதன் அண்ணன் 'க்ளாஷ் ஆஃப் க்ளான்ஸ்' (2012) விஷயத்தில் என் கருத்து இன்னும் கறார். ஒரு கட்டடம் உயர நாள் கணக்கில் காத்திரு, இல்லாவிட்டால் ஜெம் வாங்கு என்பது வியூகம் இல்லை. பொறுமைக்கு வைத்த விலை.

2. சுடும் ஆட்டம்: குறி மட்டும் போதாது

சுடும் ஆட்டம் என்றால் கை வேகம் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 'கவுன்டர் ஸ்ட்ரைக்' ஆடியவர்களுக்குத் தெரியும், அது பாதி பொருளாதாரம். முதல் ரவுண்டில் கையில் 800 டாலர். ஒரு ஏ.கே. 47 வாங்க 2,700. தோற்றாலும் ஆறுதல் தொகை 1,400-ல் தொடங்கி, தொடர்ந்து தோற்றால் 3,400 வரை ஏறும். ஆகவே "இந்த ரவுண்ட் போகட்டும், சேர்த்து வச்சு அடுத்த ரவுண்ட்ல அடிப்போம்" என்று ஐந்து பேரும் ஒத்துப்போக வேண்டும். ஒருத்தன் மட்டும் ஆசைப்பட்டுத் துப்பாக்கி வாங்கினால் டீமே காலி. 2023 செப்டம்பரில் வந்த 'கவுன்டர் ஸ்ட்ரைக் 2'-லும் இந்த அடிப்படை மாறவில்லை. 2020-ல் வந்த 'வாலரன்ட்' இதே சட்டகத்தில் மந்திர சக்திகளைச் சேர்த்தது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புகையும் சுவரும் மின்னலும் சேரச் சேர, யார் எதனால் செத்தோம் என்பதே புரிவதில்லை. என் ஓட்டு பழையதற்கே.

எலெக்ட்ரானிக்ஸ்காரனாக ஒரு சின்னக் கணக்கு. "பிங் அதிகமா இருக்கு" என்று புலம்புகிறோமே, அது எங்கிருந்து வருகிறது? சர்வர் மும்பையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கப்பலூரில் இருந்து நேர்கோட்டில் சுமார் 1,150 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய் வர 2,300 கிலோமீட்டர் என்றால் 11.5 மில்லி விநாடி. எந்தக் கம்பெனியின் எந்த பிளான் போட்டாலும் இதற்குக் கீழே இறங்காது. இது இயற்கை விதித்த வரி. மீதி 30, 40, 60 எல்லாம் கேபிள் சுற்றிப் போகும் வழி, நடுவில் உள்ள ரவுட்டர்கள், நம் செல்போன் டவரில் உள்ள நெரிசல், ரூமில் உள்ள ஒய்ஃபை ஆகியவற்றின் சம்பளம். கண்ணால் பார்த்துக் கை அசைய நமக்கே 200 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. ஆகவே 40 பிங் வைத்துக்கொண்டு "நெட்டால தோத்தேன்" என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்!

இனி நம்மூர் ராஜாவுக்கு வருவோம். பப்ஜி மொபைல் 2018-ல் வந்தது. 100 பேர் குதிப்பது, வட்டம் சுருங்குவது, கடைசி ஆள் ஜெயிப்பது. சுருங்கும் வட்டம் என்பது அருமையான யோசனை. ஒளிந்தே இருக்கிறவனையும் அது வெளியே இழுத்துவிடும். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் இதுவும் ஒன்று. 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் திரும்பியது. 2022 ஜூலையில் கடைகளில் இருந்து மறுபடி காணாமல் போய், 2023 மே மாதம் மீண்டும் வந்தது. 'ஃப்ரீ ஃபயர்' 2022 பிப்ரவரியில் தடையானது. தடை வரும், போகும். ஆடுகிறவன் மட்டும் அப்படியே இருக்கிறான். ஆகவே தடையை நம்பிப் பிரயோஜனமில்லை, கணக்கை நம்புவோம்.

ராத்திரி எல்லோரும் சொல்கிற வசனம் ஒன்று: "ஒரே ஒரு சிக்கன் டின்னர் மாப்ளே, எடுத்துட்டுத் தூங்கிருவேன்." இதைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 100 பேர், நால்வர் அணி, ஆக 25 அணி. எல்லோரும் சம திறமை என்றால் ஜெயிக்கும் வாய்ப்பு 25-ல் 1. சராசரியாக 25 ஆட்டத்துக்கு ஒரு வெற்றி. கடைசி வட்டம் வரை நின்றால் ஓர் ஆட்டம் அரை மணி நேரம். 25 ஆட்டம் என்றால் பன்னிரண்டரை மணி நேரம்! நடுவில் செத்துச் சீக்கிரம் வெளியே வந்தால் நேரம் குறையும், நாம் கெட்டிக்காரர் என்றாலும் குறையும், கீழ் நிலைகளில் எதிரே பாட் வந்தாலும் குறையும். நாலில் ஒரு பங்காகக் குறைந்தால்கூட மூன்று மணி நேரம். காலை முதல் பீரியட் ஏன் காலியாக இருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. "ஜெயிச்சதும் நிறுத்துவேன்" என்பது முடிவு இல்லை, எதிராளியின் கையில் நம் தூக்கத்தைக் கொடுப்பது. "மூணு ஆட்டம், அப்புறம் படுக்கை" என்பதுதான் முடிவு.

3. ஓசி ஆட்டம்: டோல்கேட் எங்கே இருக்கிறது?

நம் ஊருக்கு டோல்கேட்டைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரோட்டில் ஏறும்போது யாரும் காசு கேட்பதில்லை. கொஞ்ச தூரம் போனபின் குறுக்கே கட்டை விழும். ஓசி ஆட்டமும் அப்படித்தான். இறக்குவது இலவசம், முதல் வாரம் ராஜ மரியாதை, தினம் ஒரு பரிசு. பழகி, நண்பர்கள் சேர்ந்து, ஒரு லெவல் வந்தபின் கட்டை விழுகிறது. அந்தக் கட்டை பல வேஷத்தில் வரும்.

முதல் வேஷம், வேறு நாணயம். ரூபாயை நேராகக் கேட்க மாட்டார்கள். ரூபாயை டைமண்ட் ஆக்கு, யூ.சி. ஆக்கு என்பார்கள். பிறகு 400 டைமண்ட் என்றால் எவ்வளவு ரூபாய் என்று மனசு கணக்குப் போடாது. பொருட்காட்சியில் ராட்டினத்துக்கு டோக்கன் வாங்கினபின் காசே செலவாகாத மாதிரி தோன்றுமே, அந்தத் தந்திரம்தான்.

இரண்டாம் வேஷம், கெடு. "இன்னும் 6 மணி நேரம் மட்டுமே!" ஒரு துப்பாக்கிக்குப் பூசும் வர்ணத்துக்கு எதற்குக் கெடு? யோசிக்க நேரம் கொடுத்தால் வாங்க மாட்டோம் என்பதால்தான்.

மூன்றாம் வேஷம், சக்கரம். இதுதான் ஆபத்து. நேராக விலை போட்டு விற்றால் பரவாயில்லை. சுற்று, விழுந்தால் உண்டு. ஆடுபுலியை விட்டுவிட்டுத் தாயக்கட்டையை உருட்டச் சொல்கிறார்கள். அதுவும் அவர்கள் செய்த தாயக்கட்டை!

இதற்கு உண்மையான ஓர் எண்ணை வைத்தே கணக்குப் போடலாம். சக்கரம், பெட்டி வகையறாவில் எதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று வெளியிட வேண்டும் என சீன அரசு 2017-ல் விதி கொண்டுவந்தது. அதன்படி அங்கே வெளியான கணக்கில், கவுன்டர் ஸ்ட்ரைக் பெட்டியில் கத்தி போன்ற அபூர்வப் பொருள் விழும் வாய்ப்பு 0.26 சதவீதம். அதாவது சுமார் 385 பெட்டிக்கு ஒன்று. ஒரு பெட்டியைத் திறக்கும் சாவி ஏறக்குறைய இரண்டரை டாலர். 385 சாவிக்கு 960 டாலர். நம் பணத்தில் எண்பதாயிரத்தைத் தாண்டுகிறது. அது கறிவேப்பிலை நறுக்கக்கூட உதவாத கத்தி!

"385 திறந்தா கண்டிப்பா கிடைச்சிரும்ல?" என்று கேட்பீர்கள். அதுதான் இல்லை. ஒரு தடவை கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.9974. அதை 385 தடவை பெருக்கினால் 0.37 வருகிறது. அதாவது எண்பதாயிரம் செலவழித்த 100 பேரில் 37 பேருக்கு அப்போதும் கத்தி கிடையாது. சாதாரண சக்கரத்தில் 1 சதவீத வாய்ப்பு என்று போட்டிருந்தாலும் இதே கதைதான். 100 தடவை சுற்றினால் கிடைக்க 63 சதவீதம்தான் வாய்ப்பு. 99 சதவீதம் நிச்சயம் வேண்டுமென்றால் 459 தடவை சுற்ற வேண்டும். முக்கியமான சங்கதி: 99 தடவை விழாமல் போனால் 100-வது தடவைக்கு வாய்ப்பு கூடாது. அதே 1 சதவீதம்தான். இத்தனை தடவைக்குள் கட்டாயம் தருவோம் என்று ஆட்டமே எழுதிக் கொடுத்திருந்தால் தவிர, சக்கரத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. நமக்குத்தான் உண்டு, அதுதான் நம்மைக் கெடுக்கிறது.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு ஜூனியர், செமஸ்டர் ஃபீஸுக்கு வீட்டில் கொடுத்த பணத்தை ஓர் ஆட்டத்தின் சக்கரத்தில் விட்டான். ஒரே நாளில் இல்லை. 80 ரூபாய், 160 ரூபாய் என்று பத்து நாளில். "அண்ணே, கடைசி ரெண்டு ஸ்பின்ல வந்துரும்னு நெனச்சேண்ணே" என்றான். அவன் அப்பா பட்டறையில் நாள் முழுக்க லேத் முன்னால் நிற்கிறவர். நாங்கள் ஏழு பேர் போட்டுக் கட்டினோம். கெடுவுக்கு ஒரு நாள் முன்னால் கட்டிவிட்டதால் அவன் தேர்வு எழுதினான். இன்றைக்கும் ஆடுகிறான், ஆனால் யூ.பி.ஐ. இல்லாத போனில். அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "இன்னொருத்தனுக்கு உதவட்டும்ணே" என்று அவனே சொன்னான்.

4. சட்டம் என்ன சொல்கிறது?

பணம் கட்டி ஆடும் ரம்மி, போக்கரால் நம் மாநிலத்தில் பல குடும்பங்கள் சிதைந்தன. 2020 ஜூலையிலேயே நம் மதுரை ஐகோர்ட் கிளை, இவற்றை முறைப்படுத்தச் சட்டம் வேண்டும் என்று சுட்டிக்காட்டியது. அதன்பின் வந்த தமிழ்நாடு திருத்தச் சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை ஐகோர்ட் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் 2022-ல் குழு அமைத்து, புதிய சட்டம் சட்டசபையில் இரண்டு முறை நிறைவேறி, 2023 ஏப்ரலில் அமலானது. அதே ஆண்டு நவம்பரில், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்பதால் அவற்றுக்கான தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. கடைசியாக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே ஆன்லைன் பண ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. திறமையா அதிர்ஷ்டமா என்ற வாதத்துக்கே அதில் இடமில்லை. பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஆட்டம் என்றால் தடை. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்திருக்கிறது.

கவனியுங்கள் நண்பர்களே. சட்டத்தின் குறி, பந்தயம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டம். நம் டைமண்ட் சக்கரத்தில் பணம் போகும், ஆனால் பணமாகத் திரும்பி வராது. பெல்ஜியம் நாடு 2018-லேயே இப்படிப்பட்ட பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்துவிட்டது. இங்கே அந்த வாசலில் காவல் நிற்க வேண்டியவர் நாம்தான்.

5. இறக்குவதற்கு முன் ஐந்து கேள்விகள்

நான் எந்தப் புது ஆட்டத்தையும் இந்த ஐந்தில் போட்டுப் பார்ப்பது வழக்கம். வெட்டி நோட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

1) காசு கொடுத்தவன் என்னை ஜெயிப்பானா, அல்லது என்னைவிட அழகான சட்டை மட்டும் போடுவானா? ஜெயிப்பான் என்றால் வேண்டாம்.

2) விலை நேரடியாக இருக்கிறதா, சக்கரத்தில் இருக்கிறதா? சக்கரம் என்றால் சதவீதத்தைத் தேடிப் படி. 100-ஐ அதால் வகு. வரும் எண்ணை ஒரு சுற்றின் விலையால் பெருக்கு. அதுதான் உண்மை விலை.

3) ஓர் ஆட்டம் எத்தனை நிமிடத்தில் முடியும்? நடுவில் அம்மா போன் செய்தால் வெளியே வர முடியுமா?

4) இரண்டு நாள் ஆடாவிட்டால் தண்டனை உண்டா? இருந்தால் அது ஆட்டமில்லை, அட்டெண்டன்ஸ்.

5) தோற்றபின் ஏன் தோற்றேன் என்று தெரிகிறதா? தெரிந்தால் கற்கிறோம். தெரியாவிட்டால் உருட்டுகிறோம்.

இந்தச் சோதனையில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் தேறும், மூன்றாம் கேள்வியில் மட்டும் கொஞ்சம் தடுமாறும். கவுன்டர் ஸ்ட்ரைக் ஆட்டமாகத் தேறும், பெட்டிக் கடையில் ஃபெயில். மற்றதை நீங்களே திருத்தி மார்க் போடுங்கள்.

6. ஆடுகிறவன் செய்கிறவன் ஆகலாம்

கடைசியாக ஒரு நல்ல சேதி. 2023 ஜூலையில் 'வெண்பா' என்று ஓர் ஆட்டம் வந்தது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. டொரண்டோவில் உள்ள 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழு செய்தது. துப்பாக்கி இல்லை, சக்கரம் இல்லை. அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பு நோட்டில் அழிந்த வரிகளை ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆட்டம் 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுகப் படைப்பாகத் தேர்வானது. ஒரு தடவை காசு, முழு ஆட்டம். ஆடி முடித்துவிட்டு வீட்டுக்குப் போன் போடாதவர் இருக்க முடியாது.

அது நமக்குச் சொல்வது என்ன? ஆட்டம் செய்ய ஆயிரம் பேர் வேண்டாம். நம் அடுப்படியும் கதைதான், ஆடுபுலியும் கதைதான். 'கோடோ', 'பிளெண்டர்' இரண்டும் முழுக்க இலவசம், இந்த ஓசியில் டோல்கேட்டும் கிடையாது. கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் நிரல் எழுதட்டும், மெக்கானிக்கல் நண்பர்கள் வரைபட அறிவோடு உருவம் செய்யட்டும், எலெக்ட்ரானிக்ஸில் நாங்கள் ஒலியும் இணைப்பும் பார்க்கிறோம். அடுத்த புராஜெக்டுக்கு ஒரு குழு ஆடுபுலியைச் செல்போனுக்குக் கொண்டுவரட்டுமே!

கை நம்முடையது, நேரம் நம்முடையது, வீட்டில் கொடுத்த காசு அவர்கள் வியர்வை. மூன்றுக்கும் கணக்கு வைத்துக்கொண்டு ஆடுவோம்.

ஆடுவோம் நண்பர்களே, ஆட்டிவைக்கப்பட வேண்டாம்!

– மூன்றாம் ஆண்டு மாணவன், எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு, கப்பலூர்